பூங்காவுக்கும் சதுப்பு நிலத்துக்கும் நாம் கட்டும் வரி: ஓர் எளிய விளக்கம்

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலோ டப்ளினிலோ வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் சொத்து வரிச் சீட்டு வந்து சேர்கிறது. பள்ளிக்கூடம், கழிவுநீர், கொசு ஒழிப்பு என்று அதில் நீளும் இனங்களுக்கு நடுவே வட்டாரப் பூங்காக்களுக்கு என்று ஒரு தொகையும், சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் சதுப்பு நிலங்களை மீட்பதற்கு என்று 12 டாலரும் இருக்கும். மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறியவை என்பதால், பெரும்பாலானோர் கண்ணை ஓட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். ஆனால் மிஷன் பீக் மலையில் ஏறும்போதும், கொயோட்டி ஹில்ஸில் குழந்தைகளுக்குக் கொக்கைக் காட்டும்போதும் நாம் மிதித்து நிற்கும் நிலம் பொதுச்சொத்தாக இருப்பதற்குக் காரணம் இத்தகைய சிறு தொகைகள்தாம். காடு, மலை, ஈரநிலம் ஆகியவற்றில் பொதுப்பணத்தை முதலீடு செய்வது என்றால் என்ன, அது எந்த வழியில் நடக்கிறது என்பதை, நான் அறிந்த ஈஸ்ட் பே எனப்படும் இந்த விரிகுடாவின் கிழக்குக் கரைப் பகுதியை வைத்தே விளக்க முயல்கிறேன்.

வட்டாரப் பூங்கா என்பதை நகரப் பூங்காவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நகராட்சி நடத்தும் பூங்காவில் ஊஞ்சலும் புல்வெளியும் விளையாட்டுத் திடலும் இருக்கும். அதை ஒரு நகரமே பார்த்துக்கொள்ளும். யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காவை நடுவண் அரசு நடத்துகிறது. அங்கே போக விடுமுறை எடுக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது வட்டாரப் பூங்கா. ஒரு மலைத்தொடரோ நீர்ப்பிடிப்புப் பகுதியோ நகர எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை என்பதால், பல நகரங்கள் சேர்ந்து தமக்குப் பொதுவான ஓர் அமைப்பை ஏற்படுத்தி, பரந்த இயற்கை நிலத்தை அதன் கையில் ஒப்படைக்கின்றன. அலமீடா, கான்ட்ரா கோஸ்டா என்னும் இரு மாவட்டங்களுக்குமான ஈஸ்ட் பே வட்டாரப் பூங்கா மாவட்டம் அத்தகைய அமைப்பு. இனி பூங்கா மாவட்டம் என்று நான் குறிப்பிடுவது இந்த அமைப்பையே. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஏழு உறுப்பினர் கொண்ட வாரியம் அதை நடத்துகிறது. எழுபதுக்கும் மேற்பட்ட பூங்காக்களாக அதனிடம் உள்ள நிலம் ஏறக்குறைய 1,25,000 ஏக்கர். பெருநகரச் சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பைவிட இது அதிகம்.

இவ்வளவு நிலத்தையும் பொதுப்பணத்தில் ஏன் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. மலைச்சரிவு ஒன்று வீட்டுமனைகளாக விற்கப்பட்டால் அதன் விலை உரிமையாளருக்குக் கிடைக்கிறது. அதே சரிவு சரிவாகவே இருந்தால், அது மழைநீரை உறிஞ்சி வைப்பதாலும், கீழே உள்ள ஓடையில் வெள்ளம் ஒரேயடியாகப் பாயாமல் தடுப்பதாலும், கழுகுக்கும் தவளைக்கும் இடம் தருவதாலும் விளையும் பயன் ஆயிரக்கணக்கானோருக்குச் சிறிது சிறிதாகப் பிரிந்து போகிறது. அதற்காக உரிமையாளரிடம் யாரும் பணம் கொடுப்பதில்லை. எல்லோருக்கும் பயன் தந்து எவரிடமும் விலை பெற இயலாத ஒன்றைச் சந்தை காப்பாற்றாது என்பதால், எல்லோரும் சேர்ந்து விலை கொடுக்க வேண்டியதாகிறது. அதற்கு நமக்குத் தெரிந்த வழி வரி.

இந்த அமைப்பு பிறந்த காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1920-களின் இறுதியில் மொக்கலமி ஆற்றிலிருந்து குழாய் வழியே ஈஸ்ட் பேக்குக் குடிநீர் வந்து சேர்ந்தபோது, ஓக்லண்ட், பெர்க்லி மலைகளில் நீர்ப்பிடிப்புக்காக வைத்திருந்த நிலத்தில் ஒரு பகுதி குடிநீர் வாரியத்துக்குத் தேவையற்றதாகிவிட்டது. அதை மனைகளாக விற்றுவிடக் கூடாது என்று ஊரார் குரல் எழுப்பினர். ஓம்ஸ்டெட் சகோதரர்கள் என்ற நிலவடிவமைப்பு நிறுவனமும், தேசியப் பூங்காத் துறையைச் சேர்ந்த ஆன்செல் ஹாலும் அந்த மலைகளை ஆராய்ந்து 1930-இல் ஓர் அறிக்கை அளித்தனர். பூங்கா நடத்தும் பொறுப்பைக் குடிநீர் வாரியம் ஏற்க முன்வராததால், அதற்கென்றே தனி அமைப்பு ஒன்றைத் தோற்றுவிக்கும் தீர்மானம் 1934 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. அது பெருமந்தக் காலம். வேலையில்லாதவர்கள் வீதியில் நின்ற காலம். அப்போதும் வாக்களித்தவர்களில் பத்தில் ஏழு பேர், சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 5 சென்ட் வரியைத் தாமாக ஏற்றுக்கொண்டனர். 1936-இல் குடிநீர் வாரியத்திடமிருந்து 2,000 ஏக்கருக்கு மேல் வாங்கப்பட்டு முதல் மூன்று பூங்காக்கள் அமைந்தன. இன்று பெர்க்லிக்கு மேலே நாம் நடக்கும் டில்டன் பூங்கா அவற்றில் ஒன்று. கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தின் பெரும்பகுதி 1964-இல்தான் இதில் சேர்ந்தது.

முதல் நாற்பது ஆண்டுகளுக்குச் சொத்து வரியின் பங்கே போதுமானதாக இருந்தது. 1978-இல் கலிபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு இந்த நிலையை மாற்றியது. பொதுவான சொத்து வரி, மதிப்பில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அந்த மதிப்பும் வீடு கைமாறாத வரை ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்று அது வரம்பு கட்டியதால், மாநிலம் முழுவதும் உள்ளாட்சி அமைப்புகளின் சொத்து வரி வருவாய் பாதிக்கும் கீழே விழுந்தது. புதிதாக ஒரு சிறப்பு வரி போட வேண்டுமானால் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. வேண்டாம் என்று விழும் ஒவ்வொரு வாக்கையும் ஈடுசெய்ய, வேண்டும் என்று இரண்டு வாக்குகள் விழ வேண்டும் என்பதே இதன் பொருள். சொத்து வரியை ஈடாகக் காட்டி உள்ளாட்சிகள் கடன் பத்திரம் வெளியிடும் உரிமை 1986-இல் மீண்டும் கிடைத்தபோது, அதற்கும் இதே மூன்றில் இரண்டு பங்கு விதிதான் பொருந்தியது.

இந்தக் கடன் பத்திரத்தைப் புரிந்துகொண்டால் பொதுப்பூங்கா நிதியில் பாதி புரிந்துவிடும். நாம் வீட்டுக் கடன் வாங்குவது போன்றதுதான் இதுவும். பூங்கா மாவட்டம் முதலீட்டாளர்களுக்குப் பத்திரங்களை விற்று ஒரு பெருந்தொகையைப் பெறுகிறது. அந்தத் தொகையில் நிலத்தை உடனே வாங்குகிறது. முதலையும் வட்டியையும் அடைப்பதற்காக, அந்த வட்டாரத்துச் சொத்துகள் ஒவ்வொன்றின் மேலும் கடன் தீரும் வரை ஒரு சிறிய கூடுதல் வரி விழுகிறது. வரியை ஆண்டுதோறும் திரட்டி, போதிய பணம் சேர்ந்த பிறகு வாங்கலாமே என்று கேட்கலாம். விரிகுடாப் பகுதியில் பணம் சேரும் வேகத்தைவிட நிலத்தின் விலை ஏறும் வேகம் அதிகம்; மேலும், வீடுகள் எழும்பிவிட்ட மேய்ச்சல் நிலத்தை எந்த விலை கொடுத்தும் மேய்ச்சல் நிலமாகத் திரும்ப வாங்க இயலாது. ஐம்பது ஆண்டு கழித்து அங்கே நடக்கப் போகிறவர்களும் கடனில் ஒரு பங்கைச் சுமப்பது முறையே என்ற கருத்தும் இதில் அடங்கியிருக்கிறது.

1988-இல் ‘ஏஏ’ என்ற எழுத்துப் பெயர் கொண்ட தீர்மானத்தின் மூலம் 22.5 கோடி டாலருக்கும், 2008-இல் ‘டபிள்யூ டபிள்யூ’ தீர்மானத்தின் மூலம் 50 கோடி டாலருக்கும் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். இரண்டிலும் நான்கில் ஒரு பங்கு நகராட்சிப் பூங்காக்கள் போன்ற உள்ளூர்ப் பணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மலைப்பக்கம் போகவே வாய்ப்பில்லாத குடும்பத்துக்கும் தன் தெருமுனையில் ஏதாவது கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைத் திரட்டவும் அது உதவியிருக்கும் என்பது என் எண்ணம். மதிப்பில் 1,00,000 டாலருக்கு ஆண்டுக்கு 10 டாலர் என்பது வரியின் உச்ச வரம்பு. வரிச் சீட்டில் 8,00,000 டாலர் மதிப்பு காட்டும் வீட்டுக்கு இது அதிகபட்சம் 80 டாலர். 2008 நவம்பரில் வங்கிகள் சரிந்துகொண்டிருந்த வேளையிலும் ‘டபிள்யூ டபிள்யூ’ தீர்மானத்துக்குப் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆதரவு தெரிவித்தனர்.

ஆயினும் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது நிலம் வாங்கிய பெருமை அன்று, வாங்கிய பின் என்ன ஆகிறது என்ற கவலை. கடன் பத்திரப் பணத்தைக் கொண்டு நிலம் வாங்கலாம், பாதை வெட்டலாம், கழிப்பறை கட்டலாம். காவலருக்குச் சம்பளம் கொடுக்கவோ, களையெடுக்கவோ, பழுதான வேலியைச் சீர்செய்யவோ அதைத் தொட முடியாது. நீண்ட நாள் நிலைக்கும் சொத்துக்கு மட்டுமே நீண்ட நாள் கடன் என்பது சட்டத்தின் கருத்து, அது சரியானதே. ஆனால் இதன் விளைவாக, வாங்குவதற்குப் பணம் இருந்து பராமரிக்கப் பணம் இல்லாத நிலை அடிக்கடி ஏற்படுகிறது. அத்தகைய நிலத்தைப் பூங்கா மாவட்டம் வாங்கிப் பூட்டி வைக்கிறது. இருப்பு நிலம் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். எங்கள் வரியில் வாங்கிய நிலத்துக்குள் எங்களை ஏன் விட மறுக்கிறீர்கள் என்று மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வாகனம் நிறுத்த இடமும், பாதையும், தீயணைப்பு ஏற்பாடும், சுற்றி வந்து காவல் காக்க ஆளும் இல்லாமல் திறந்துவிட்டால் அந்த நிலம் கெடும் என்ற பதிலிலும் நியாயம் இருக்கிறது. கான்கார்டில் கடற்படையின் பழைய ஆயுதக் கிடங்கு நிலத்தில் 2,200 ஏக்கருக்கு மேல் 2019-இல் பூங்கா மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. 1944-இல் அருகிலுள்ள போர்ட் சிகாகோ கடற்படைத் துறைமுகத்தில் 320 பேர் உயிரிழந்த வெடிவிபத்துக்குப் பின், மீண்டும் வெடிப்பொருள் ஏற்ற மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட கறுப்பின மாலுமிகள் ஐம்பது பேரின் நினைவாகவும், அவர்கள் சார்பில் குரல் கொடுத்த கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷலின் பெயராலும் 2021-இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். நிலத்தைக் கைமாற்றிப் பெயர் சூட்டுவதற்கும் மக்கள் நடக்கும் பூங்காவாக அதை ஆக்குவதற்கும் இடையே பல ஆண்டு வேலை கிடக்கிறது.

பராமரிப்பு என்றால் குப்பை பொறுக்குவது என்று எண்ணிவிடக் கூடாது. லிவர்மோர் பக்கத்து மலைகளில் உள்ள ஒரு குட்டையை எடுத்துக்கொள்வோம். அது இயற்கையாக அமைந்த குட்டை அன்று. மாடு வளர்த்தோர் ஓடையின் குறுக்கே மண்ணணை போட்டு உருவாக்கியது. சமவெளியில் இருந்த மழைக்காலக் குளங்கள் உழப்பட்டும் கட்டடங்களுக்கு அடியில் போயும் அழிந்துவிட்டதால், கலிபோர்னியப் புலிச் சாலமாண்டரும் செங்கால் தவளையும் இன்று முட்டையிட நம்பியிருப்பவற்றுள் இந்த மாட்டுக் குட்டைகள் முதன்மையானவை. பல்லியைப் போன்ற தோற்றமுள்ள, மஞ்சள் புள்ளிகள் கொண்ட அந்தச் சாலமாண்டர், ஆண்டின் பெரும்பகுதியைத் தரை அணிலின் வளைக்குள் கழித்துவிட்டு, குளிர்கால மழை தொடங்கிய பின் இரவில் வெளியே வந்து குட்டையை நோக்கி நடக்கிறது. குட்டை சீக்கிரம் வற்றினால் குஞ்சுகள் கரையேறுவதற்குள் செத்துவிடும். ஆண்டு முழுவதும் வற்றாமல் நின்றாலோ, வெளியிலிருந்து வந்த காளைத்தவளையும் மீனும் பெருகிக் குஞ்சுகளைத் தின்றுவிடும். சில பத்தாண்டுகளில் குட்டையில் வண்டல் நிரம்பி மேடாகும். மண்ணணை அரித்து உடையும். அதைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்த ஆளும் இயந்திரமும் அனுமதியும் பணமும் வேண்டும். குடிமராமத்து என்ற சொல்லை அறிந்த தமிழருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

குட்டையைச் சுற்றியுள்ள புல்லும் அப்படித்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த ஓராண்டுப் புற்கள் இம்மலைகளை ஏறக்குறைய முழுவதுமாக ஆக்கிரமித்துவிட்டன. அவற்றை மேயாமல் விட்டால் இடுப்பளவு வளர்ந்து காய்ந்து கோடையில் நெருப்புக்குத் தீனியாகும். 1991 அக்டோபரில் ஓக்லண்ட் மலைத் தீயில் 25 பேர் இறந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. ஆகவே பூங்கா நிலத்தின் பெரும்பகுதியில் மாடுகள் குத்தகைக்கு மேய்கின்றன. செங்குத்தான சரிவுகளில் ஆடுகளை விடுகிறார்கள். புல் உயரம் குறைந்து இருந்தால் தரை அணில் பெருகுகிறது; அணில் தோண்டிய வளையில் சாலமாண்டர் ஒதுங்குகிறது; அணிலையே இரையாகக் கொண்டு பொன்னாங்கழுகு வாழ்கிறது. காப்பாற்றுவது என்றால் வேலி போட்டு ஒதுங்கி நிற்பது என்று முன்பு நானும் எண்ணியிருந்தேன்; மாட்டின் பின்னால் இத்தனை உயிர்கள் இருப்பதை அறிந்தபோது அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

இவ்வாறான அன்றாடச் செலவுக்குச் சொத்து வரியின் பொதுப்பங்கே முதன்மையான ஆதாரம். அது போதாத இடங்களில், சொத்தின் மதிப்பைக் கணக்கிடாமல் மனைக்கு இவ்வளவு என்று விதிக்கும் மனை வரி கைகொடுக்கிறது. ஓக்லண்ட், பெர்க்லி, ரிச்மண்ட் முதலான நகரங்களில் தனி வீட்டுக்கு ஆண்டுக்கு 12 டாலர் என்ற அளவில் 2004-இல் தொடங்கிய வரியை, 2018-இல் ‘எஃப்எஃப்’ தீர்மானத்தின் மூலம் மேலும் இருபது ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். இதன் குறை என்னவென்றால், மாளிகைக்கும் சிறிய வீட்டுக்கும் ஒரே தொகைதான். விதிக்க எளிது, ஆனால் ஏழைக்குச் சற்றுக் கூடுதல் சுமை.

வீடு கட்டும் நிறுவனங்களிடமிருந்து பணம் பெறும் வழியும் உண்டு. கிழக்குக் கான்ட்ரா கோஸ்டாவில் 2007 முதல் நடைமுறையில் உள்ள வாழிடப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, அருகிவரும் உயிரினங்கள் வாழும் நிலத்தில் கட்டுவோர் ஏக்கர் கணக்கில் கட்டணம் செலுத்துகிறார்கள். அந்தப் பணத்தோடு மாநில, நடுவண் அரசு மானியங்களைச் சேர்த்து, விற்க விருப்பமுள்ளவர்களிடமிருந்து டியாப்லோ மலையடிவாரத்தில் தொடர்ச்சியான நிலம் வாங்கப்படுகிறது. வாங்குவதில் பெரும்பகுதி பூங்கா மாவட்டத்தின் கைக்கு வருகிறது. அழிப்பதற்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதல்லவா இது என்று கேட்போர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் முன்பு ஒவ்வொரு குடியிருப்புத் திட்டத்தின் ஓரத்திலும் சாலைகளுக்கு இடையே சிக்கிய துண்டு நிலத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கை முடித்ததோடு ஒப்பிட்டால், விலங்குகள் நடமாடக்கூடிய பரந்த நிலம் ஒன்று சேர்வது மேலானது என்றே நான் கருதுகிறேன்.

பணம் எங்கே போகிறது என்பதைப் போலவே யாருக்குப் போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மலைமேல் வசதியானவர்கள் வாழ்கிறார்கள், பூங்காக்களும் அங்கேதான் அதிகம். ரிச்மண்டின் விரிகுடாக் கரையில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்க இயன்ற பார்செஸ்டர் வில்லேஜ் என்னும் குடியிருப்பின் அருகே ஒரு சதுப்பு நிலம் இருந்தது. அங்கே விமானத் தளம், வீடுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டங்கள் வந்தபோதெல்லாம் அவ்வூரார் எதிர்த்து நின்றனர். டாட்சன் குடும்பத்தினர் அதில் முன்னணியில் இருந்தார்கள். இறுதியில் பூங்கா மாவட்டம் கட்டாயக் கையகப்படுத்தல் உரிமையைப் பயன்படுத்தி, நீதிமன்றம் நிர்ணயித்த விலையைக் கொடுத்து நிலத்தை எடுத்துச் சீரமைத்தது. டாட்சன் குடும்பச் சதுப்பு நிலம் என்ற பெயரில் 2017-இல் அது திறக்கப்பட்டது. கடல்மட்டம் உயரும்போது சதுப்புத் தாவரங்கள் மெல்ல மேலேறிச் செல்வதற்காக அதன் கரையைச் சரிவாக அமைத்திருக்கிறார்கள்.

சதுப்பு நிலத்தில் போடும் பணம் மனிதருக்கான காவலும்கூட. அலை வந்து மோதும் விசையைச் சதுப்புத் தாவரங்கள் தணிப்பதால், பின்னால் உள்ள கரையை அவ்வளவு உயர்த்திக் கட்ட வேண்டியதில்லை. இந்த விரிகுடாவின் அலையேறும் சதுப்பு நிலங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, வயலாகவும் உப்பளமாகவும் நகரமாகவும் மாறிப்போயிற்று. 2003-இல் விரிகுடாவின் தென்பகுதியில் மட்டும் 15,100 ஏக்கர் உப்பளத்தைக் கார்கில் நிறுவனத்திடமிருந்து மாநில, நடுவண் அரசுகளும் தனியார் அறக்கட்டளைகளும் சேர்ந்த பணத்தில் வாங்கினார்கள். ஃப்ரீமாண்டிலிருந்தும் சான்ஹோசேயிலிருந்தும் கரைப்பக்கம் போனால் தெரியும் அந்தப் பாத்திகளில் ஒவ்வொன்றாகக் கரையை உடைத்து அலையை உள்ளே விட்டு வருகிறார்கள். உள்ளே வரும் கலங்கல் நீர் சேற்றைப் படியவிட்டு, சேறு உயர்ந்து, அதில் செடி வேரூன்றி, ரிட்ஜ்வே நீர்க்கோழி கூடு கட்டும் அளவுக்கு அடர்வதற்குப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். நீண்ட காலம் நிலத்தடி நீரை இறைத்ததால் தரையே தாழ்ந்துபோன, விரிகுடாவின் தென்கோடியில் உள்ள அல்விசோ பக்கத்தில் இன்னும் அதிகச் சேறு தேவைப்படுகிறது.

தொடக்கத்தில் சொன்ன 12 டாலர் இந்த வேலைக்கானது. 2016 ஜூனில் விரிகுடாவைச் சூழ்ந்த ஒன்பது மாவட்டங்களும் ஒரே தீர்மானத்தின் மேல் ஒன்றாக வாக்களித்து, ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 12 டாலர் என்று இருபது ஆண்டுகளுக்கு இசைந்தன. ஆண்டுக்கு ஏறக்குறைய 2.5 கோடி டாலர் இதனால் சேர்கிறது. 2017-இல் தொடங்கிய அந்த வரி 2037-இல் முடிகிறது. இப்போது கரை உடைக்கப்படும் பாத்திகள் பலவற்றில் அப்போதும் சேறு படிந்துகொண்டுதான் இருக்கும்.